காரியாலயத் தொலைபேசி கைப்பைக்குள் வரும்போது

தொலைவிலுள்ள இருவர் பேச வேண்டுமாயின் அவர்களுக்கு நடுவே மூன்றாமவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்பது தொலைபேசியின் பிறவிக் குணம். 1878 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் உலகின் முதலாவது வணிகத் தொலைபேசி இணைப்பகம் தொடங்கியபொழுது, அந்த மூன்றாமவர் ஒரு மனிதராகவே இருந்தார். அழைப்பவர் எவரைக் கேட்கிறாரோ, அவருடைய கம்பியோடு இவருடைய கம்பியைக் கையினாற் பொருத்திவிடுவது அவருடைய தொழில். அவர் நேர்மையானவராயின் யாவும் நன்று. நேர்மை தவறினால் என் செய்வது?

கன்சாஸ் நகரில் ஈமக்கிரியை ஏற்பாட்டுத் தொழில் நடத்திவந்த அல்மன் ஸ்ட்ரோஜர் என்பாருக்கு இந்த ஐயம் உண்டாயிற்று. தமக்கு வரவேண்டிய அழைப்புக்கள் போட்டித் தொழிலாளிக்குத் திருப்பிவிடப்படுகின்றன என அவர் நம்பினார் என்று கூறுவர். மனிதக் கையை நடுவிலிருந்து அகற்றிவிட வேண்டும் எனத் துணிந்து, தானே இணைக்கும் இயந்திரம் ஒன்றை ஆக்கி, 1891 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலத்து லா போர்ட் என்னும் ஊரில் அவ்வகைத் தன்னியக்க இணைப்பகம் இயங்கத் தொடங்கியது. தொலைபேசியின் வரலாற்றில் வசதியும் காவலும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்று அந்த இணைப்பகம் நம் வீட்டு மேசைக்கும், பிள்ளைகள் எடுத்து விளையாடும் கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. ஆதலின் அதன் காவலைப் பற்றிக் குடும்பத்தார் யாவரும் சிறிது அறிந்துவைத்தல் நன்று என்பது நம் கருத்து.

கம்பி போய்க் கடவுச்சொல் வந்தது

ஒரு காரியாலயத்துக்குள் இருபது மேசைகளும் இருபது தொலைபேசிகளும் இருக்கின்றன என்று கொள்வோம். வெளியே செல்லும் இணைப்புக்கள் நான்கோ ஐந்தோ தாம். உள்ளே ஒருவரோடொருவர் பேசவும், அந்தச் சில வெளியிணைப்புக்களை யாவரும் பங்கிட்டுக்கொள்ளவும் ஓர் உள்ளிணைப்பகம் வேண்டும். இதனையே பி.பி.எக்ஸ். என்று கூறுவர். ஒவ்வொரு மேசைக்கும் உரிய 201, 202 போன்ற சிற்றிலக்கத்தை எக்ஸ்டென்ஷன் என்பர்; நாம் உள்ளிலக்கம் என்போம்.

முன்னாளில் இவ்வுள்ளிணைப்பகம் ஓர் அலுமாரியளவு பெரிய இயந்திரம், விலையும் மிகுதி. 1999 ஆம் ஆண்டில், அலபாமா மாநிலத்து ஓபர்ன் பல்கலைக்கழக மாணவராயிருந்த மார்க் ஸ்பென்சர், தாம் தொடங்கிய சிறு தொழிலுக்கு இத்தகைய இயந்திரம் ஒன்றை வேண்டினார். வாங்குவதற்குப் பணம் போதவில்லை. ஆகவே ஒரு சாதாரண கணினியே இணைப்பகமாய் இயங்கும்படி மென்பொருள் ஒன்றைத் தாமே எழுதினார். அஸ்டெரிஸ்க் என்னும் பெயரோடு யாவருக்கும் இலவசமாக விடப்பட்ட அம்மென்பொருள், இன்று உலகெங்கும் எண்ணற்ற சிறு காரியாலயங்களின் தொலைபேசியைத் தாங்கி நிற்கிறது.

குரல் அக்கணினிக்குள் எவ்வாறு புகுகிறது என மாணவர் கேட்பர். கணக்கு எளிது. பேசுங் குரலை ஒரு செக்கனில் 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுக்களாற் குறித்தால் செக்கனுக்கு 64,000 பிட் ஆகிறது. அதனை ஐம்பது சிறு பொதிகளாகக் கட்டினால் பொதியொன்றில் 160 பைட் குரல் இருக்கும். இப்பொதிகள் மின்னஞ்சலும் படங்களும் செல்லும் அதே இணைய வழியே செல்கின்றன. யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்னும் செய்திகளைப் பரிமாறுவதற்கு எஸ்.ஐ.பி. என்னும் நெறிமுறை உண்டு. 1999 இல் முதன்முதல் வகுக்கப்பட்டு, 2002 இல் திருத்தியமைக்கப்பட்ட அந்நெறிமுறையே இன்றும் பெருவழக்கில் உள்ளது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பழைய உள்ளிலக்கம் என்பது மேசைக்கு வந்து சேர்ந்த ஒரு கம்பி. அந்தக் கம்பியைத் தொட வேண்டுமாயின் காரியாலயத்துக்குள் கால்வைக்க வேண்டும். இன்றைய உள்ளிலக்கமோ ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லுமே. 204 என்னும் பெயரையும் அதற்குரிய சொல்லையும் எவர் சரியாகச் சொல்கிறாரோ, அவரே 204. அவர் அடுத்த அறையில் இருக்கலாம், ஆயிரம் காதத்துக்கு அப்பாலும் இருக்கலாம். வசதி அனைத்தும் இதனால் வந்ததே. ஆபத்து அனைத்தும் இதனாலேயே வருவது.

வீடு காரியாலயமான காலம்

வசதியை முதலிற் சொல்வோம். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபொழுதும், 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபொழுதும், காரியாலயத்துக்குப் போகாமலே அலுவல் பார்க்கும் வழக்கம் நம்மவரிடையே பரவிற்று. காரியாலய உள்ளிலக்கத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு செயலியாக நிறுவிக்கொண்டால், வைத்தியரின் நிலையத்தில் வரவேற்பாளராயிருக்கும் பெண் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே நோயாளரின் அழைப்பை ஏற்கலாம். அவர் திருப்பி அழைக்கும்போது மறுமுனையில் தோன்றுவது நிலையத்தின் இலக்கமே. தம் சொந்த இலக்கத்தை அறிமுகமில்லாதாருக்குக் கொடுக்க வேண்டிய சங்கடம் அவருக்கு இல்லை. அலுவல் நேரம் முடிந்ததும் செயலியை நிறுத்திவிட்டால் குடும்ப நேரம் குடும்பத்துக்கே உரியதாகும். உத்தியோகம் பார்க்கும் தாய்மாருக்கு இது சிறு நன்மையன்று.

எனினும் இவ்வசதியை ஏற்படுத்தும்போது ஒரு தடை குறுக்கிடுகிறது. காரியாலயக் கணினி இணைப்பகம் வழக்கமாக ரவுட்டருக்குப் பின்னே, வெளியார் காணாத உள்விலாசம் ஒன்றில் இருக்கும். வீட்டிலிருந்து வரும் கைத்தொலைபேசி அதனை எப்படிக் காணும்? அவசரத்தில் வேலை முடிக்க எண்ணும் திருத்துநர் சிலர் கையாளும் சுருக்குவழி ஒன்றுண்டு. எஸ்.ஐ.பி. செய்திகளுக்கென வழங்கிவரும் 5060 என்னும் வாயிலை ரவுட்டரில் உலகுக்கே திறந்துவிடுவார்கள். தொலைபேசி உடனே வேலை செய்யும். எல்லோரும் மகிழ்ந்து வீடு செல்வர். அன்றிரவே கதவு தட்டப்படத் தொடங்கும்.

கதவைத் தட்டுவோர் யார்?

இணையத்தில் உள்ள விலாசங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி, எங்கே தொலைபேசி இணைப்பகம் ஒன்று பதில் கூறுகிறது எனத் துருவும் கணினி நிரல்கள் இராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. தத்தம் இணைப்பகங்களின் பலவீனத்தைச் சோதித்தறிவதற்கென 2007 ஆம் ஆண்டில் வெளியான சிப்விஷஸ் என்னும் நற்கருவி, தீயோர் கையிலும் சேர்ந்தது. அது தட்டும்போது தன்னை 'சிநேகமுள்ள துருவி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அறிவித்துக்கொள்ளும். திறந்த வாயிலுடைய இணைப்பகங்களின் பதிவேட்டில் இந்தப் பெயரைக் கண்டு திகைத்த திருத்துநர் உலகெங்கும் பலர்.

வாயிலைக் கண்டதும் உள்ளிலக்கங்களை 100, 101, 102 என வரிசையாக ஊகிப்பர். பின்னர் கடவுச்சொல்லை ஊகிப்பர். கடவுச்சொல் நான்கு இலக்கமாயின் மொத்தம் 10,000 சாத்தியங்களே உண்டு. செக்கனுக்குப் பத்து முயற்சி வீதம் தட்டினால் 17 நிமிடத்துக்குள் யாவும் தீர்ந்துவிடும். 204 ஆம் உள்ளிலக்கத்துக்கு 204 என்றே கடவுச்சொல் வைப்போருக்கு அந்த 17 நிமிடமும் தேவையில்லை.

திருடன் நாடுவது எதனை?

தொலைபேசிக் காவல் என்றதும் ஒட்டுக்கேட்டலே பலர் நினைவுக்கு வரும். நம் காரியாலயத்தில் அப்படி என்ன இரகசியம் இருக்கிறது, கேட்டால் கேட்கட்டுமே என்று சிலர் அலட்சியமாகக் கூறுவதும் உண்டு. இங்கேதான் அவர்கள் ஏமாறுகிறார்கள். நள்ளிரவில் வாயிலைத் தட்டுகிறவனுக்கு நம் பேச்சிற் பெரும்பாலும் அக்கறையில்லை. அவன் நாடுவது நம் வெளியிணைப்பை.

அந்தத் தந்திரம் இது. சில நாடுகளில் அழைப்போரிடம் மிகுந்த கட்டணம் அறவிட்டு, அதில் ஒரு பங்கை இலக்கத்தின் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் சிறப்பு இலக்கங்கள் உண்டு. திருடன் அவ்வாறான இலக்கங்களைப் பெற்றுக்கொண்டு, பிறர் இணைப்பகத்தின் வழியாக அவற்றுக்கு இடைவிடாது அழைக்கிறான். பேசுவோர் இல்லை, கேட்போரும் இல்லை. நிமிடங்கள் மட்டும் ஓடுகின்றன. பங்கு அவனைச் சேர்கிறது. கட்டணச்சீட்டு காரியாலயத்தைச் சேர்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளி மாலை 6 மணிக்குக் காரியாலயம் பூட்டப்படுகிறது. திங்கள் காலை 6 மணி வரை 60 மணித்தியாலங்கள். ஒரே நேரத்திற் பத்து அழைப்புக்கள் செல்லக்கூடிய இணைப்பாயின், 36,000 நிமிடங்கள். நிமிடத்துக்கு 50 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் 18 இலட்சம் ரூபா ஆகிறது. ஒரு சிறு அச்சகமோ தனியார் கல்வி நிலையமோ இதனைத் தாங்குமா? மேலும், பதிவேட்டைப் பார்த்தால் அத்தனை அழைப்பும் 204 இலிருந்தே சென்றதாக எழுதியிருக்கும். வீட்டில் நித்திரையாயிருந்த அந்த 204 ஆம் இலக்கத்துக்குரிய பெண், செய்யாத குற்றத்துக்கு முகங்கொடுக்க நேரிடும்.

இது கற்பனை அச்சமன்று. 2020 ஆம் ஆண்டு நவம்பரில் செக் பொயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வொன்று, அஸ்டெரிஸ்க்கைத் தழுவிய இணைப்பகங்களைக் குறிவைத்த கூட்டத்தார் ஓராண்டினுள் ஏறத்தாழ 1,200 நிறுவனங்களைத் தாக்கியதைக் காட்டிற்று. இணைப்பகத்தை நிருவகிக்கும் பக்கத்திலிருந்த ஒரு பழுதே அவர்களுக்கு வழியாயிற்று. பழுதுக்குத் திருத்தம் முன்னரே வெளிவந்திருந்தும், அதனை நிறுவாதோர் பலர்.

முதல் உபாயம்: வாயிலை மூடிச் சுரங்கம் அமைத்தல்

அரணுக்கென்றே தனி அதிகாரம் வகுத்த திருக்குறள் நம் மொழியில் உண்டு. கோட்டையைக் காப்போர் பெருவாயிலை மூடிவிட்டுத் தம்மவர் மட்டும் அறிந்த சுரங்கவழியை வைத்திருப்பது பண்டை முறை. இன்றைய இணைப்பகத்துக்கும் சிறந்த காவல் அதுவே.

வி.பி.என். எனச் சுருக்கி வழங்கும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு இத்தகைய சுரங்கம். கைத்தொலைபேசியிலிருந்து காரியாலயம் வரை செல்லும் பொதிகள் யாவும் மறைகுறியாக்கப்பட்டு, ஓர் உறைக்குள் இட்டு அனுப்பப்படுகின்றன. இடையில் எவர் பிடித்தாலும் உறையே கிடைக்கும். உள்ளே வந்தபின் அக்கைத்தொலைபேசி காரியாலய மேசையில் இருப்பதுபோலவே நடத்தப்படும். 5060 ஆம் வாயிலை வெளியுலகுக்குத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

இவ்வகையில் இன்று பெரிதும் பாராட்டப்படுவது வயர்கார்ட் என்பது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லினக்ஸ் இயக்க முறைமையின் கருவிலேயே இது சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 வரிகளில் எழுதப்பட்டமையால், வல்லுநர் முழுவதையும் வாசித்துச் சோதிக்க இயல்கிறது. இதன் இயல்பு ஒன்று மிகவும் அழகானது. ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் தனித்தனித் திறவுகோற் சோடி உண்டு. அறிந்த திறவுகோலோடு வராத எவர் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. தட்டுகிறவனுக்கு அங்கே ஒரு கதவு இருக்கிறது என்பதே தெரியாது. கைத்தொலைபேசி பஸ்ஸில் தொலைந்துபோனால், அதற்குரிய திறவுகோலை மட்டும் காரியாலயத்திலிருந்து நீக்கிவிட்டாற் போதும், ஏனையோருக்கு இடையூறில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளம்பரங்களில் வரும் இலவச வி.பி.என். செயலிகள் வேறு, நாம் கூறுவது வேறு. அவை நம் குரலை எங்கோவுள்ள அந்நியர் ஒருவரின் கணினிக்குக் கொண்டுசெல்லும் சுரங்கங்கள். காரியாலயம் தானே அமைத்து, தன் வாசலிலேயே முடியும் சுரங்கமே இங்கு வேண்டப்படுவது.

சுரங்கத்தாற் குரல் தாமதமாகாதா என்பது நியாயமான வினா. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குக் குரல் செல்ல 150 மில்லிசெக்கனுக்கு மேற்படாதிருந்தால் உரையாடல் இயல்பாக நடக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவு. ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை 400 கிலோமீற்றர் கடக்க 2 மில்லிசெக்கன் போதும். தாமதம் பெரும்பாலும் நெரிசலான கைத்தொலைபேசி வலையமைப்பில் நேர்வது. உறையிடும் வேலையால் நேர்வது மிகச் சொற்பம்.

இரண்டாம் உபாயம்: இரு பாதைக்கும் பூட்டு

சுரங்கம் அமைக்க இயலாத இடமும் உண்டு. ஊழியர் பலராயின், ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் வி.பி.என். நிறுவுவது சிரமமாகலாம். அப்போது இணைப்பகத்துக்கு முன்னே எல்லைக் காவலாகத் தனிக் கணினி ஒன்றை நிறுத்தி, அதனோடு மட்டும் வெளியார் பேசும்படி செய்வர். செய்திகளையும் குரலையும் மறைகுறியாக்கி அனுப்புவர்.

இவ்விடத்திற் பலர் தடுக்கி விழுகின்றனர். அழைப்புச் செய்தி ஒரு பாதையிலும், குரல் வேறொரு பாதையிலும் செல்வன. டி.எல்.எஸ். என்னும் பூட்டு முதற் பாதைக்கு உரியது. 2004 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.பி. என்பது இரண்டாம் பாதைக்கு உரியது. டி.எல்.எஸ். மட்டும் இட்டால், யார் யாரை அழைத்தார் என்பது மறையும், பேசியது மறையாது. எஸ்.ஆர்.டி.பி. மட்டும் இட்டால் நிலை இன்னும் விநோதமாகலாம். குரற் பூட்டின் திறவுகோலை அழைப்புச் செய்திக்குள் வைத்தே அனுப்பும் வழக்கமான முறையில், அச்செய்தி திறந்தபடி சென்றால், பெட்டியைப் பூட்டிச் சாவியை அதன் கைபிடியிலேயே தொங்கவிட்ட கதையாகும். ஆகவே இரண்டும் ஒருங்கே வேண்டும்.

உள்ளேயும் வேலி வேண்டும்

எவ்வளவு உயர்ந்த மதிலும் என்றோ ஒருநாள் கடக்கப்படலாம் என எண்ணியே அறிவுடையோர் உள்வேலி அமைப்பர். ஒவ்வொரு உள்ளிலக்கத்துக்கும் மனத்தில் வைக்க முடியாத நீண்ட கடவுச்சொல்லைக் கணினியே ஆக்கிக் கொடுக்கட்டும். செயலி அதனை நினைவில் வைத்துக்கொள்ளும். வெளிநாட்டு அழைப்பின் முன்னொட்டாகிய 00 தொடங்கும் இலக்கங்களை, தேவையுள்ள ஓரிருவரைத் தவிர ஏனையோருக்கு அடைத்துவிடலாம். இரவிலும் விடுமுறையிலும் அவர்களுக்கும் அடைத்துவிடலாம். வெளியிணைப்பு வழங்கும் நிறுவனத்திடம் நாளொன்றுக்கான செலவுக்கு எல்லை வைக்கும்படி கேட்கலாம். இவ்வேலிகளுக்குச் செலவு மிகக் குறைவு; நாம் மேலே கண்ட 18 இலட்சம் ரூபாவை இவையே சில ஆயிரங்களாகச் சுருக்கிவிடும்.

உள்வேலி ஏன் வேண்டும் என்பதற்கு 2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாத நிகழ்ச்சி ஒன்று போதும். திரீ.சி.எக்ஸ். என்னும் பெயர்பெற்ற தொலைபேசி மென்பொருளின் மேசைக்கணினிச் செயலிக்குள் தீயோர் நஞ்சைக் கலந்துவிட்டனர். வாடிக்கையாளர் உண்மையான நிறுவனத்திடமிருந்தே, உண்மையான புதுப்பிப்பாகவே அதனைப் பெற்றனர். ஆராய்ந்தபொழுது, அந்நிறுவன ஊழியர் ஒருவர் தம் சொந்தக் கணினியில் இறக்கிய வேறொரு நிறுவனத்தின் மென்பொருளும் முன்னரே நஞ்சூட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. ஒரு வீட்டுக் கணினியிலிருந்து உலகளாவிய ஒரு நிறுவனம் வரை தீங்கு சென்ற வழியை மாணவர்கள் சிந்தித்துப் பார்ப்பார்களாக.

வீட்டார் செய்யக்கூடியவை

இவை யாவும் திருத்துநர் காரியம் என்று வீட்டார் ஒதுங்க இயலாது. காரியாலயச் செயலியுள்ள கைத்தொலைபேசிக்குத் திரைப்பூட்டு இருக்கட்டும். பிள்ளைகள் விளையாட வேறொன்று கொடுக்கப்படட்டும். கண்ட இடங்களிலிருந்து செயலிகளை இறக்காதிருப்பதும், புதுப்பிப்புக்களைத் தள்ளிப்போடாதிருப்பதும் நன்று. கைத்தொலைபேசி தொலைந்தால், வெட்கமோ அச்சமோ கொள்ளாது அந்த நிமிடமே காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தவரைக் கடிந்துகொள்ளாதிருப்பது மேலாளரின் கடமை. கடிந்தால் அடுத்தவர் மறைப்பார்.

இன்னொன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. பொலிசுக்கு 119 ஐயோ, அம்புலன்சுக்கு 1990 ஐயோ அழைக்க நேரிட்டால், காரியாலயச் செயலியால் அழைக்கலாகாது. அவ்வழைப்பு காரியாலயத்தின் வெளியிணைப்பால் செல்வதாகையால், அழைப்பவர் காரியாலயத்தில் இருப்பதாகவே மறுமுனையில் எண்ண இடமுண்டு. வவுனியாவில் விழுந்து கிடப்பவருக்குக் கொழும்பு முகவரி பயன்படாது. சிம் அட்டையின் வழியே நேரடியாக அழைப்பதே தகும். வீட்டிலுள்ள முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிவைத்தல் அவசியம்.

கைத்தொலைபேசியைக் காரியாலயத்தோடு இணைத்துத் தருகிறோம் என்று யாரேனும் வந்தால், நான்கு வினாக்களை அவரிடம் கேட்கும்படி நாம் வாசகர்களை வேண்டுகிறோம். இணைப்பகத்தின் வாயில் உலகுக்குத் திறந்திருக்குமா, சுரங்கத்துக்குப் பின்னே இருக்குமா? அழைப்பும் குரலும் இரண்டும் பூட்டப்பட்டுள்ளனவா? என் கைத்தொலைபேசி தொலைந்தால் எத்தனை நிமிடத்தில் அதனை விலக்குவீர்கள்? நடுநிசியில் என் உள்ளிலக்கத்திலிருந்து வெளிநாட்டுக்கு அழைத்தால் இணைப்பு போகுமா? முதல் மூன்றுக்கும் தயங்காது விடை கூறி, நான்காவதற்குப் 'போகாது' என்று சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்கலாம்.